எல்லாரும் பார்க்கும்படி

சங்கீதாவுக்கு அமெரிக்காவில் ஒரு செமஸ்டர் படிக்க இடம் கிடைத்த செய்தியைத் தெருவுக்குச் சொன்னது அவள் அப்பா வேணுகோபால்தான். வேண்டுமென்று சொல்லவில்லை. அவர் டீக்கடையில் நின்றிருந்தபோது மகள் போன் செய்தாள். நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மெதுவாகப் பேச வராது. "இன்னாம்மா சொல்ற, அமெரிக்காவா? யாரு, நீயா?" என்று அவர் கேட்டது எதிர்வரிசை வரைக்கும் போயிற்று. மகள் காஞ்சிபுரத்தில் பஸ் இறங்கிப் பிள்ளையார்பாளையம் வந்து சேர்வதற்குள், எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் "எப்பம்மா ப்ளைட்டு?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

சங்கீதா ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வருஷம் முடியப் போகிறது. அந்தக் கல்லூரிக்கும் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் இருந்தது. இங்கிருந்து ஒரு மாணவர் அங்கே போய் ஒரு செமஸ்டர் படிக்கலாம், அங்கிருந்து ஒருவர் இங்கே வரலாம். போகிறவருக்குப் படிப்பும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. அந்த வருஷம் அந்த ஒருவர் சங்கீதா. ஆகஸ்ட் கடைசியில் அங்கே வகுப்பு ஆரம்பம். டிசம்பரில் திரும்பி வந்து கடைசி செமஸ்டரை இங்கே முடிக்க வேண்டும்.

வீட்டில் அப்போது சந்தோஷப்படுகிற நிலைமை இல்லை. அக்கா காயத்ரி பங்குனி மாதத்திலிருந்து பிறந்த வீட்டில் இருந்தாள். ஐயம்பேட்டையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை வசந்த் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரு நாள் காலையில் காயத்ரி ஷேர் ஆட்டோவில் தனியாக வந்து இறங்கினாள். இடது காதைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டிருந்தாள். காது சவ்வு கிழிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். சொந்தக்காரர்களிடம் அம்மா மஹாலட்சுமி வேறு மாதிரி சொன்னாள்: "காதுல சீழு வெச்சிக்கினு இருக்குது. இங்க ஆஸ்பத்திரி கிட்டக்க இருக்குதே, அதான் வந்திருக்குது." யாரும் மறுத்துக் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துகொள்கிற ஊர் அது.

சங்கீதாவுக்கு இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் இருந்தது. பூட்டி வைத்த பக்கம். கல்லூரித் தோழிகள் சிலர் மட்டும் பார்க்கலாம். அதில் அவள் படம் போட்டு, கீழே தமிழில் நாலு வரி எழுதுவாள். சாப்பாடு, பஸ், மழை, வீட்டில் யார் யாரோடு பேசவில்லை, இப்படி. காயத்ரி வந்த வாரத்தில் ஜன்னலோரம் இருந்த காது மருந்து பாட்டிலைப் படம் எடுத்துப் போட்டாள். கீழே இப்படி எழுதினாள்:

"அக்காவிடம் இடது பக்கம் நின்று பேசினால் கேட்காது. மாமாவுக்கு வலது கைப் பழக்கம்."

தோழிகள் அழுகிற பொம்மை போட்டார்கள். ஒருத்தி போன் செய்து பேசினாள். அதற்குப் பிறகும் சங்கீதா அக்காவைப் பற்றி எழுதினாள். அக்கா தூங்காமல் இருப்பது, அம்மா போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்ப் பேசுவது, அப்பா ஒன்றுமே கேட்காமல் இருப்பது. எழுதினால் அன்றைக்குச் சாப்பிட முடிந்தது. அவ்வளவுதான் அவள் நினைத்தது.

மே மாதக் கடைசியில் அமெரிக்காவில் ஓர் உத்தரவு வந்தது. மாணவர்களுக்கும் எக்ஸ்சேஞ்சில் போகிறவர்களுக்கும் புதிதாக வீசா நேர்காணல் தேதி கொடுப்பதை நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஏன் என்று சொல்லக் கல்லூரியில் ஆள் இல்லை. எக்ஸ்சேஞ்ச் வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியர் தணிகாசலம், "நமக்கு மட்டும் இல்லம்மா, உலகம் பூராவும் நிறுத்தியிருக்காங்க. தெறப்பாங்க. நீ மத்த பேப்பரெல்லாம் ரெடியா வெச்சிக்க" என்றார். சங்கீதா காலையில் எழுந்ததும் போனில் வீசா வெப்சைட்டைத் திறந்து பார்ப்பாள். தேதி இல்லை. பல் தேய்த்துவிட்டு வந்து மறுபடி பார்ப்பாள்.

ஜூன் நடுவில் திறந்தார்கள். கூடவே புது விதி ஒன்று வந்தது. விண்ணப்பிக்கிற மாணவர்கள் தங்களுடைய சமூக ஊடகப் பக்கங்களை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும். பூட்டி வைத்திருந்தால் எதையோ மறைப்பதாக எடுத்துக்கொள்ளலாம்.

வெளிநாடு போகக் காத்திருக்கிற பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சங்கீதா இருந்தாள். அங்கே ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பழைய பதிவுகளை அழித்தால் அதுவும் தெரிந்துவிடும் என்றான் ஒருவன். யாரோ ஒரு பையன் அக்கவுண்டையே அழித்துவிட்டுப் போனானாம், கேள்வி மேல் கேள்வி கேட்டார்களாம் என்றாள் இன்னொருத்தி. உண்மையா என்று யாருக்கும் தெரியாது. சங்கீதா தணிகாசலம் சாரிடம் கேட்டாள்.

"அரசியல் ஏதாவது எழுதியிருக்கியாம்மா?"

"இல்ல சார். வீட்டு விஷயம்தான்."

"அப்ப இன்னா பயம்? அப்படியே வுடு. எதுலயும் கை வைக்காத."

அன்று மாலை அவள் பூட்டைத் திறந்தாள். அக்காவைப் பற்றிய பதிவுகளில் வந்து கொஞ்ச நேரம் நின்றாள். அழிக்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. பிறகு, வீசா ஆபீசருக்கு ஐயம்பேட்டை எங்கே தெரியப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள். பார்க்கப் போகிறவர் ஒரே ஒரு அதிகாரி என்று அவள் மனதில் பதிந்துவிட்டது. எல்லாரும் என்றால் எல்லாரும்தான் என்பது தோன்றவில்லை.

நேர்காணலுக்கு ஜூலை கடைசியில் தேதி கிடைத்தது.

அதற்குள் பெரியவர்கள் கூடிக் காயத்ரி விஷயத்தை ஒரு வழிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். வசந்தின் அப்பா பரசுராமன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, பையன் இனிமேல் கை நீட்ட மாட்டான், நான் பொறுப்பு என்றார். ஆடி போகட்டும், ஆவணியில் நல்ல நாள் பார்த்து அனுப்பி வைக்கிறோம் என்று வேணுகோபால் தலையாட்டினார். காயத்ரி சமையலறைக்குள் இருந்தாள். அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். "சரி" என்றாள். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று யாரும் பார்க்கவில்லை. சங்கீதாவும் பார்க்கவில்லை. அவள் வீசா தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆடி பிறந்து சில நாட்களில் பரசுராமன் மறுபடி வந்தார். இந்த முறை தனியாக வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் உட்காரவில்லை. வேணுகோபால் தறியிலிருந்து எழுந்து வந்து, "வாங்க சம்மந்தி" என்றார். பரசுராமன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக்கூட்டுவது போல மெதுவாகப் படித்தார்.

"அக்காவிடம்... இடது பக்கம் நின்று பேசினால் கேட்காது. மாமாவுக்கு... வலது கைப் பழக்கம்."

வேணுகோபாலுக்கு முதலில் புரியவில்லை. "இன்னாது இது?"

"உம் பொண்ணு எழுதினது. சின்னவ. ஊரு பூரா படிச்சிக்கினு இருக்குது. எங்க அண்ணன் பேத்தி போன்ல தானா வந்துச்சாம். அது எங்க சொந்தக்காரங்க குரூப்புல போட்டுட்டுச்சு. எம் பையன் கம்பெனிக்கு லீவு போட்டுட்டு உள்ள படுத்துக்கினு இருக்கான்."

மஹாலட்சுமி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அது சின்னப் பொண்ணு, அண்ணே. தெரியாம..."

"தெரியாமலாம்மா எழுதுனா? பாட்டில படம் புடிச்சிப் போட்டிருக்கா." பரசுராமனின் குரல் உயரவில்லை. களைத்த குரலாக இருந்தது. "நா சண்டைக்கு வரல. இத எடுக்கச் சொல்லு. இப்பவே, எங்கண்ணு முன்னால. எடுத்துட்டு, கோவத்துல பொய்யா எழுதிட்டேன்னு ஒரு வரி போடட்டும். பேசினபடி ஆவணியில பொண்ண அனுப்பி வைங்க. இதோட வுட்டுடலாம்."

எல்லாரும் சங்கீதாவைப் பார்த்தார்கள். அவள் மாடிப்படியில் நின்றிருந்தாள். பிற்பாடு யோசிக்கும்போது, அந்த இடத்தில் வேறு எத்தனையோ சொல்லியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அது பொய் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அக்காவை அனுப்பாதீங்க என்று சொல்லியிருக்கலாம். அவள் வாயில் வந்தது இதுதான்:

"இப்ப எடுக்க முடியாது மாமா. வீசா வர்ற வரைக்கும் எதையும் அழிக்கக் கூடாது."

 பக்கத்து வீட்டுத் தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

காயத்ரி சமையலறையிலிருந்து வந்தாள். பரசுராமனிடம் கையை நீட்டினாள். "குடுங்க மாமா, நா பாக்கறேன்." அவர் தயங்கிக் கொடுத்தார். அவள் நின்றபடியே படித்தாள். ஒரு பதிவோடு நிறுத்தவில்லை. கீழே தள்ளித் தள்ளி, தன்னைப் பற்றி எழுதியிருந்தது எல்லாவற்றையும் படித்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. முடித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். உள்ளே போனாள். அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

பரசுராமன் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அப்ப சரி" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வேணுகோபால் மகளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று சங்கீதா நினைத்தாள். அவர் தறியில் போய் உட்கார்ந்தார். கால் தறியின் மிதிகட்டையில் இருந்தது, கை ஊடைநூல் ஓட்டும் நாடாவைப் பிடித்திருந்தது. ஆனால் நெய்யவில்லை. மஹாலட்சுமி மட்டும் இரண்டு நாள் கழித்து, பாத்திரம் துலக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "ஊர்ல ஒரு பயலுக்கும் தெரியக் கூடாதுன்னு நா எத்தினி பொய் சொல்லிக்கினு இருந்தேன் தெரியுமா?"

காயத்ரி பேசியது மொட்டை மாடியில், துணி எடுக்கப் போனபோது. சங்கீதா அவளுடைய வலது பக்கம் போய் நின்றாள்.

"அக்கா, எடுத்துடட்டுமா?"

"எதுக்கு? படிக்க வேண்டியவங்க எல்லாரும் படிச்சிட்டாங்க."

"நா பொய் எழுதலக்கா."

"தெரியும். எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க." காயத்ரி ஒரு புடவையை மடித்தாள். மடிப்பு கோணலாக வந்தது. உதறி மறுபடி மடித்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

 துணிகளை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அன்றிலிருந்து இருவரும் ஒரே அறையில் படுத்தார்கள், ஒரே தட்டில் பொரி எடுத்துத் தின்றார்கள், தேவையானதைப் பேசிக்கொண்டார்கள். சண்டை இல்லை. சண்டை போட ஒரு சூடு வேண்டும். அது இருவரிடமும் இல்லை.

நேர்காணலுக்கு அப்பா கூட வந்தார். சென்னையில் அந்தப் பெரிய கட்டடத்துக்கு எதிரே பிளாட்பாரத்தில், மற்ற அப்பாக்களோடு அவர் நின்றுகொண்டார். உள்ளே வரிசை நீளமாக இருந்தது. சங்கீதாவின் முறை சீக்கிரம் முடிந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி இளம் வயதுப் பெண். எதற்குப் போகிறாய், திரும்பி வந்து என்ன செய்வாய், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டாள். பட்டுப் புடவை நெய்கிறார் என்றதும் சிரித்தாள். தனக்கு ஒன்று வாங்க வேண்டும் என்றாள். கம்ப்யூட்டரில் எதையோ கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு தாளைக் கொடுத்து, இன்னும் கொஞ்சம் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது, தகவல் வரும் என்று சொல்லிப் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்தாள்.

"குடுத்துட்டாங்களா?" என்றார் வேணுகோபால்.

"இன்னும் இல்லப்பா. சொல்லுவாங்களாம்."

"உன் எழுத்தயா பாத்தாங்க?"

"தெரியலப்பா."

திரும்பி வருகிற வழியில் பஸ்ஸில் அவர் தூங்கிவிட்டார். அவர் தலை அவள் தோளில் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. அவள் போனில் விண்ணப்பத்தின் நிலையைத் திறந்து பார்த்தாள். மறுக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. குழுவில் கேட்டாள். அது மறுப்பு இல்லை, பரிசீலனையில் இருந்தாலும் அப்படித்தான் காட்டும், கவலைப்படாதே என்றார்கள். அவள் கவலைப்படவில்லை. அந்தச் சொல்லைத் தினமும் பார்த்தாள். சில நாட்களில் அது வெறும் எழுத்துகளாக ஆகிவிட்டது.

ஆகஸ்ட் வந்தது. அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து மெயில்கள் வந்துகொண்டே இருந்தன. உன் அறை எண், உன் அறைத்தோழியின் பெயர், குளிருக்கு என்ன உடுப்பு எடுத்து வர வேண்டும். பிறகு, கடைசியாக எந்தத் தேதிக்குள் வந்து சேர வேண்டும் என்று ஒரு மெயில். அந்தத் தேதியன்று சங்கீதா வீட்டில் இருந்தாள். கச்சபேஸ்வரர் கோயிலுக்குப் போகலாம் வா என்று அம்மா கூப்பிட்டாள். போனாள். கும்பிட்டாள். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. திருநீறு பூசிக்கொண்டு வந்தாள்.

"அடுத்த வருஷம் போலாமா சார்?" என்று தணிகாசலத்திடம் கேட்டாள்.

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அடுத்த வருஷம் நீ டிகிரி முடிச்சிடுவியேம்மா. படிச்சிக்கினு இருக்கற பசங்களுக்குத்தான் இந்தத் திட்டம்." கொஞ்சம் நிறுத்தி, "அந்தப் பக்கத்த அப்படியே வுடச் சொன்னது நாந்தான். அதனால ஏதாவது..." என்றார்.

"அதனால இல்ல சார்" என்றாள். எதனால் என்று அவளுக்கும் தெரியாது. யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

அன்று அவள் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பூட்டினாள். பிறகு, பூட்டினது போதாது என்று தோன்றி, அக்கா வருகிற பதிவுகளை ஒவ்வொன்றாக அழித்தாள். அழிக்கும்போது ஒன்றும் தோன்றவில்லை. விரல் மட்டும் வேலை செய்தது. புதிதாக எதையும் எழுதவில்லை. எழுதலாம் என்று உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை என்பது கூட இல்லை. உட்காரவே தோன்றவில்லை.

ஆவணியில் ஐயம்பேட்டையிலிருந்து யாரும் கூப்பிட வரவில்லை. இங்கிருந்தும் யாரும் அனுப்பவில்லை. புரட்டாசியில் ஒரு மினி வேன் வந்து நின்றது. காயத்ரிக்குச் சீராகக் கொடுத்த பீரோ, கட்டில், குடம், குத்துவிளக்கு எல்லாம் அதில் வந்திருந்தன. டிரைவர் எங்கே இறக்குவது என்று கேட்டார். வேணுகோபால் தறி ஓடுகிற கூடத்தைக் காட்டினார். பீரோ உள்ளே நுழையவில்லை. கதவைக் கழற்றி, சாய்த்து, மூன்று பேர் தள்ளி உள்ளே கொண்டு வந்தார்கள். காயத்ரி ஓரமாக நின்று, "மெதுவா, சொவத்துல இடிக்குது" என்றாள். வேன் போன பிறகு ஒரு துணியை நனைத்துக்கொண்டு வந்து பீரோக் கண்ணாடியைத் துடைத்தாள். அந்த வாரமே ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். பி.காம். படித்தவள். யாரிடமும் கேட்கவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டு வந்து சொன்னாள்.

அவள் திரும்பிப் போகாமல் நின்றது சங்கீதா எழுதியதால்தான் என்று உறவில் சிலர் பேசினார்கள். வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாள் என்றார்கள் சிலர், காப்பாற்றிவிட்டாள் என்றார்கள் சிலர். இரண்டும் சங்கீதாவின் காதுக்கு வந்தன. தான் செய்தது இரண்டும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். வீசாவுக்காகத் திறந்து வைத்தாள். வீசாவுக்காக அழிக்க மறுத்தாள்.

தீபாவளி முடிந்து, மழைக்காலத்தில் ஒரு நாள், பாஸ்போர்ட்டை அனுப்பி வைக்கும்படி தகவல் வந்தது. பரிசீலனை முடிந்துவிட்டது, வீசா தருகிறார்களாம். அங்கே அப்போது செமஸ்டர் முடிகிற நேரம். சங்கீதா வகுப்பில் இருந்தாள். படித்துவிட்டுப் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு, போர்டில் இருந்த கணக்கை எழுதத் தொடங்கினாள். வீட்டில் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டை அனுப்பவும் இல்லை.

ஜனவரியில் ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்து மாணவி கல்லூரிக்கு வந்து சேர்ந்தாள். உயரமான, கலகலப்பான பெண். அவளுக்குக் காஞ்சிபுரத்தைச் சுற்றிக் காட்ட வேண்டும், உன் ஊர்தானே என்று தணிகாசலம் தயக்கத்தோடு கேட்டார். சங்கீதா சரி என்றாள். கைலாசநாதர் கோயிலுக்கும் ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் கூட்டிப் போனாள். வெயிலில் அந்தப் பெண்ணின் கழுத்து சிவந்துவிட்டது. கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தாள். வீசா எப்படிக் கிடைத்தது என்று கேட்டாள். ஆன்லைனில் விண்ணப்பித்தேன், வந்துவிட்டது, ஏன் என்றாள் அந்தப் பெண். சும்மா கேட்டேன் என்றாள் சங்கீதா.

"எங்க யூனிவர்சிட்டிக்கு நீ வர வேண்டியதுன்னு சொன்னாங்க. ஏன் வரல?" என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள்.

சொல்லத் தொடங்கினால் எங்கே தொடங்குவது என்று சங்கீதா யோசித்தாள். "தேதி ஒத்து வரல" என்றாள். அந்தப் பெண் வருத்தப்பட்டாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள். அதைப் பார்த்தபோது, இந்த அளவுக்குக் கூட நான் வருத்தப்படவில்லையே என்று சங்கீதாவுக்கு வியப்பாக இருந்தது.

தை மாதத்தில் காயத்ரி ஒரு பழைய ஸ்கூட்டி வாங்கினாள். ஓட்டத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தாமல் ஏரிக்கரைக்குப் போய்ப் பழகலாம் என்று, ஓட்டத் தெரிந்த தங்கையைக் கூப்பிட்டாள். அதுவரை அவளாக எதற்கும் கூப்பிட்டதில்லை. மழை நன்றாகப் பெய்திருந்ததால் ஏரி நிறைந்திருந்தது. கரை மேல் வலை காய்ந்துகொண்டிருந்தது. சங்கீதா வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். காயத்ரி பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலேட்டரைத் திருகினாள். வண்டி ஒரு புதருக்குள் போய்ச் சாய்ந்தது. இருவருக்கும் அடி இல்லை. காயத்ரி மண்ணைத் தட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்தாள்.

"மறுபடியும் அப்ளை பண்ணுவியா? மேல்படிப்புக்கு?"

"தெரியலக்கா. அதுக்கும் இதே ரூல்தான்."

"பண்றதுன்னா பண்ணு." காயத்ரி ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஆனா என்னப் பத்தி எழுதாத."

"எழுதறதில்லக்கா. எதப் பத்தியுமே எழுதறதில்ல."

காயத்ரி திரும்பி அவளை ஒரு முறை பார்த்தாள்.  பிறகு எழுந்து போய் வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்தாள். "வா, தூக்கு. கனமா இருக்குது" என்றாள். சங்கீதா எழுந்து மறுபக்கம் பிடித்தாள். முதல் முறை தூக்கியபோது சக்கரம் வேரில் மாட்டிக்கொண்டது.